பழைய விசையுந்து மீட்டமைப்பு

பழைய விசையுந்து மீட்டமைப்பு என்பது, நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை அதன் மூல வடிவத்துக்கும் இயங்குநிலைக்கும் மீண்டும் கொண்டுவரும் பணியாகும். பழுதுபார்த்தலில் வண்டி ஓடினால் போதும். மீட்டமைப்பில் அது தன் காலத்துக்குரிய உறுப்புகளுடன் ஓட வேண்டும். இந்தியாவில் என்ஃபீல்டு புல்லட், ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் முதலிய வண்டிகள் வீட்டுக் கொட்டகைகளிலேயே மீட்டமைக்கப்படுகின்றன. இக்கட்டுரை வார்ப்பிரும்பு உருளை கொண்ட 350 சிசி புல்லட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

பின்னணி

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்தது. 1955 இல் அது மெட்ராஸ் மோட்டார்சுடன் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்ட பின்னரும் சென்னை திருவொற்றியூரில் உற்பத்தி தொடர்ந்தது. அடிப்படை வடிவமைப்பு பல பத்தாண்டுகள் பெரிதும் மாறாததால் உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கின்றன. இதுவே ஓர் இடரும் ஆகும். பிற்காலப் பாகங்கள் முற்கால வண்டியிலும் பொருந்திவிடுவதால், மூல உறுப்பு எது, மாற்றப்பட்டது எது எனப் பிரித்தறிவது கடினம்.

தொடக்கப் பணிகள்

இயந்திர எண்ணும் சட்டக எண்ணும் பதிவுச் சான்றிதழுடன் பொருந்துகின்றனவா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் கழற்றும் முன் ஒளிப்படம் எடுத்து, திருகுகளைப் பெயரிட்ட பெட்டிகளில் வைப்பது வழக்கம். பழைய புல்லட்டுகளில் பிரித்தானிய அளவுத் திருகுகள் உள்ளன. மில்லிமீட்டர் அளவு ஸ்பேனரைப் பயன்படுத்தினால் அவற்றின் முனைகள் மழுங்கிவிடும்.

இயந்திரம்

உருளையின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 90 மி.மீ.; இதன்படி கொள்ளளவு 346 சிசி ஆகும். பிஸ்டன் இறுகியிருந்தால் கிக்கரை உதைக்கக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு, உயர் கியரில் பின்சக்கரத்தை மெல்ல அசைக்க வேண்டும். உருளை தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ரீபோர் செய்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் பொருத்தப்படும்.

இவ்வகை இயந்திரத்தில் எண்ணெய்த் தொட்டி இயந்திரக் கூட்டிலேயே அமைந்துள்ளது. அதில் படிந்த கசடு எண்ணெய் வழியை அடைத்தால், கிராங்கின் பெரிய முனையிலுள்ள புஷ் எண்ணெயின்றி இறுகி இயந்திரத்தையே சிதைத்துவிடும். எனவே கசடை நீக்காமல் வண்டியை இயக்கிப் பார்ப்பது தவறு. முதன்முறை இயக்கியவுடன் ராக்கர் பகுதிக்கு எண்ணெய் வந்து சேர்கிறதா எனப் பார்க்க வேண்டும். இயந்திரம் குளிர்ந்த நிலையில், தள்ளுதண்டுகள் ஆட்டமின்றி, ஆனால் விரலால் சுழற்றக் கூடியவாறு டாப்பட் சரிசெய்யப்படுகிறது. பாயிண்ட் இடைவெளி ஏறத்தாழ 0.38 மி.மீ. ஆகும்.

தோற்றம்

முழுவதும் புதிதாக வண்ணம் பூசுவது எப்போதும் சிறந்ததன்று. புல்லட்டின் பெட்ரோல் தொட்டியிலுள்ள கோடுகள் சென்னைத் தொழிற்சாலையில் கையால் வரையப்பட்டவை. சுரண்டிவிட்டால் அவற்றை மீட்க இயலாது. ஆகவே துருவை மட்டும் நீக்கி, மூலப் பூச்சை இயன்றவரை காப்பது நல்லது.

பாதுகாப்பு

வெறுமையான பெட்ரோல் தொட்டியிலும் ஆவி தங்கியிருக்கும். அதில் பற்றவைப்பு செய்தால் வெடிக்கலாம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருக்கக் கூடும் என்பதால், தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மூடிய கொட்டகையில் இயந்திரத்தை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

சட்டநிலை

இந்தியாவில் 2021 இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர வாகனங்களைத் தொன்மை வாகனங்களாகப் பதிவுசெய்ய இடமளிக்கின்றன. சட்டகத்திலோ இயந்திரத்திலோ பெருமளவு மாற்றம் செய்யப்பட்டவை இத்தகுதியைப் பெறா. இவ்வாறு பதிவான வண்டிகளைக் கண்காட்சி, தொன்மை வாகன ஊர்வலம், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. எனவே எந்தப் பதிவு தேவை என்பதை மீட்டமைப்பவர் பணியைத் தொடங்கும் முன்னரே தீர்மானிக்க வேண்டியுள்ளது.