வாய்ப்பூட்டும் வாக்குறுதியும்

ஆலையிலே கொதிகலனின் அழுத்தம் எல்லை மீறினால், அதை முதலில் அறிபவன் யார்? மாடியறையில் அமர்ந்திருக்கும் முதலாளியா? அருகே நின்று வேலை செய்யும் தொழிலாளியா? அந்தத் தொழிலாளியின் வாயைக் கட்டிவிட்டு, "ஆலைக்கு ஆபத்தில்லை" என்று நிர்வாகம் அறிக்கை விட்டால் நம்புவோமா?

அமெரிக்காவிலே நடந்ததைக் கேளுங்கள். செயற்கை நுண்ணறிவு மனிதகுலம் முழுவதற்கும் பயன்படவேண்டும், இலாபம் நோக்கமல்ல என்று முழங்கி 2015-ல் பிறந்தது 'ஓப்பன்ஏஐ'. 2019-ல் இலாபக் கிளை முளைத்தது; முதலில் பணம் போட்டவருக்கு நூறு மடங்குக்குமேல் இலாபமில்லை என்று வரம்பும் கட்டினார்கள். 2025 அக்டோபரில் அந்த வரம்பும் போயிற்று!

மனிதனை மிஞ்சும் எந்திரத்தைக் கட்டுக்குள் வைக்கும் வழியை ஆராய, 2023 ஜூலையில் தனிக்குழு அமைத்தார்கள். அன்று கைவசமிருந்த கணிப்பொறி ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கை, நான்காண்டுகளில் இந்தப் பணிக்குத் தருவோம் என்றார்கள். ஓராண்டு நிறையுமுன், 2024 மே மாதத்தில், தலைமை தாங்கிய இருவரும் வெளியேறினர், குழு கலைக்கப்பட்டது.

வெளியேறுவோர் உண்மையை உரைக்கலாமே என்பீர்கள். அதற்கும் பூட்டு! கம்பெனியைக் குறைகூறமாட்டேன் என்று கையெழுத்திட மறுத்தால், உழைத்துச் சேர்த்த பங்கே பறிபோகலாம் என்றிருந்தது ஒப்பந்தம். செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகே, கம்பெனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

2024 ஜூனில், ஓப்பன்ஏஐ, கூகுள் டீப்மைண்ட் நிறுவனங்களின் இந்நாள், முன்னாள் ஊழியர் 13 பேர் பகிரங்கக் கடிதம் விடுத்தனர். கூலி உயர்வா கேட்டனர்? இல்லை! ஆபத்தைக் கண்டால் அஞ்சாமல் எச்சரிக்கும் உரிமை கேட்டனர். அதையும் அறுவர் பெயரை மறைத்தே கேட்கவேண்டியிருந்தது!

2025 செப்டம்பரில் கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்தது. பெரிய கம்பெனிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஊரறிய வெளியிடவேண்டும்; பேராபத்தைச் சுட்டிக்காட்டும் ஊழியரைப் பழிவாங்கக் கூடாது. 2026 ஜனவரி முதல் அது நடப்புக்கு வந்தது. வரவேற்போம். ஆனால் ஆபத்தைக் கவனிக்கும் பொறுப்பிலுள்ள ஊழியருக்கே அந்தப் புதிய பாதுகாப்பு. மற்றவர் கண்ணில் ஆபத்து படாதா?

"வருங்காலத் தலைமுறைக்காக" என்று சாசனம் தீட்டுகிறார்கள். வருங்காலத் தலைமுறை பங்குதாரர் கூட்டத்துக்கு வந்து கைதூக்கப் போவதில்லை. அதற்காகப் பேசக்கூடியவன் இன்று உள்ளே உழைப்பவன். அவன் நாவுக்குக் காவலாகச் சட்டம் நிற்கட்டும். சாசனத்தைப் பிறகு நம்புவோம்!