டூ ஸ்ட்ரோக் புகையின் வாசனை

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைச் சாலையில், முன்பெல்லாம் விடியற்காலையில் மீன்கூடை கட்டிய டிவிஎஸ் 50 மொபெட் கடந்துபோனால் அதன் வாசனை கொஞ்ச நேரம் நிற்கும். உப்புக்காற்று, மீன், அதற்கும் மேலே லேசாக இனிக்கும் நீலப்புகை. செங்கல்பட்டில் ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டிய அண்ணன்களின் சட்டையிலும் அதே வாசனைதான். இரண்டும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். இன்றைய வண்டிகளிடம் அது இல்லை.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் அடியில் தனியாகத் தேங்கியிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கலந்து அந்த இடத்தின் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. அங்கே ஆயிலைத் தேக்க வழியில்லை. அதனால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்துவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் கைப்பம்பால் லிட்டருக்கு இத்தனை மில்லி என்று 2டி ஆயில் அடிப்பார்கள். பெட்ரோல் ஊற்றியதும் வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கலக்குவோம். ஆர்எக்ஸ் 100-க்கு அந்தச் சிரமம் இல்லை, தனி ஆயில் டேங்கும் பம்பும் உண்டு. எப்படிப் போனாலும் ஆயில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு பெட்ரோலோடு சேர்ந்து எரியும். அரைகுறையாக எரிந்த ஆயில்தான் நீலப்புகை. பந்தய வண்டிகளுக்கு விளக்கெண்ணெயில் செய்த ஆயில் ஊற்றும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. அந்தப் புகையின் மணமே தனி.

அந்த வாசனையில் இன்னொரு பங்கு, எரியாத பெட்ரோலுடையது. இந்த எஞ்சினில் நாலு ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோன்ற வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை பிஸ்டனே திறந்து மூடுகிறது. புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை நுழையும் துளையும் ஒரு கணம் சேர்ந்தே திறந்திருக்கும். புதுக் கலவை புகையைத் தள்ளுகிற வேகத்தில் தானும் வெளியே ஓடிவிடும். பழைய கார்புரேட்டர் எஞ்சின்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரைகூட. நாம் ரசித்தது காசு கொடுத்து வாங்கி வீணாய்ப்போன பெட்ரோலை! அதில் புற்றுநோய் தரும் பென்சீனும் இருந்தது. வாசனைச் செய்தி மூளையில் நினைவும் உணர்ச்சியும் சேரும் பகுதிக்குக் குறுக்குவழியில் போய்விடுவதால், இதெல்லாம் தெரிந்த பின்னும் மனம் அதைத் தேடுகிறது. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனாலும் அந்த எஞ்சின்கள் பெரும்பாலும் சாலையை விட்டுப் போனது சரிதான்.

1980-இல் வந்த டிவிஎஸ் 50-இன் வழியில், 2015-இல் எக்ஸ்எல் 100 நாலு ஸ்ட்ரோக்காக வந்தது. 1985-இல் இந்தியாவுக்கு வந்த ஆர்எக்ஸ் 100-இன் உற்பத்தி 1996-இல் நின்றது. ஆனால் வைத்திருப்பவர்கள் விடுவதில்லை. அவர்களுக்குத் தெரிந்த மெக்கானிக், சைலன்சரைக் கழற்றித் தீயில் காட்டி, தட்டித் தட்டிக் கரியை உதிர்ப்பார். ஆயிலை அளவுக்கு மேல் விட்டால் புகை கூடும், பிளக்கில் கரி பிடிக்கும், வண்டி இழுக்காது.