நட்புமுறை ஆட்டம் வெறும் காட்சிதானா?

வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து நட்புமுறையில் ஆடிவிட்டுப் போவதால் யாருக்கு என்ன லாபம்? இந்தக் கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்ட கேள்வி இது. இங்கிலாந்துக் காற்பந்து மன்றங்கள் புக்கிட் ஜாலிலுக்கு வந்து செல்லும்போதெல்லாம் எழும் கேள்விதான். விடை தேட உங்களைக் காற்பந்துத் திடலுக்கு அல்ல, ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 'பக்' என்ற ரப்பர் வட்டை உறைபனித் தரையில் சறுக்கியபடியே வளைதடியால் அடித்து ஆடுவார்கள். கனடா மக்களுக்கு இது உயிர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் ஆடும் தொழில்முறைக் குழுக்கள் வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் போவதும் புதிதல்ல. 1938இலேயே மொன்ட்ரியல் கனேடியன்ஸ், டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ஆகிய இரு குழுக்களும் கப்பலேறி இங்கிலாந்திலும் பிரான்சிலும் தங்களுக்குள் மோதிக் காட்டின. அது காட்சி ஆட்டம், அவ்வளவுதான்.

நிலைமையை மாற்றியது சோவியத் யூனியன். 1972இல் கனடாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் முதன்முறையாகச் சோவியத் தேசியக் குழுவுடன் 8 ஆட்டங்களில் மோதினர். எல்லாவற்றிலும் வெல்வோம் என்ற நினைப்போடு இறங்கிய கனடா, மொன்ட்ரியலில் நடந்த முதல் ஆட்டத்திலேயே 7-3 எனத் தோற்றது. கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பால் ஹெண்டர்சன் அடித்த கோல்தான் மானத்தைக் காப்பாற்றியது.

அடுத்து 1975 டிசம்பரில், மாஸ்கோவின் ராணுவக் குழுவும் சோவியத் விங்ஸ் குழுவும் அமெரிக்கா, கனடா மண்ணுக்கே வந்தன. மன்றத்துக்கு மன்றம் மோதிய முதல் பயணம் இது. 8 ஆட்டங்களில் விருந்தாளிகளுக்கு 5 வெற்றி, 2 தோல்வி, 1 சமநிலை!

அந்தச் சமநிலை ஆட்டம் 1975 டிசம்பர் 31 அன்று மொன்ட்ரியலில் நடந்தது. கனேடியன்ஸ் 38 முறை கோல் முனையைக் குறிவைத்தது. ராணுவக் குழுவோ 13 முறைதான். ஆனாலும் ஆட்டம் 3-3. சோவியத் கோல் காவலர் திரெத்யாக் மலைபோல் நின்றார்.

எல்லா ஆட்டமும் இப்படி இனிமையாக முடியவில்லை. 1976 ஜனவரி 11 அன்று, முரட்டு ஆட்டத்துக்குப் பெயர்போன பிலடெல்பியா பிளையர்ஸ் குழுவின் எட் வான் இம்ப், சோவியத் நட்சத்திரம் கர்லாமோவை மோதிக் கீழே சாய்த்தார். நடுவர் தண்டனை தரவில்லை. வெகுண்ட ராணுவக் குழு ஆடுகளத்தை விட்டே வெளியேறியது. திரும்பி வராவிட்டால் பயணத்துக்கான பணம் கிடைக்காது என்று சொல்லப்பட்ட பிறகே மீண்டும் இறங்கியது. பிளையர்ஸ் 4-1 என வென்றது. நட்பு என்ற சொல்லுக்குப் பின்னால் பணமும் கௌரவமும் நிற்கின்றன என்பதை உலகம் அன்று கண்டது.

இதனால் கிடைத்தது என்ன? புள்ளிப் பட்டியலில் இந்த ஆட்டங்களுக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் பாடம் இருந்தது. வட்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பொறுமையாக முன்னேறுவது, ஆண்டு முழுவதும் உடற்பயிற்சி செய்வது போன்ற சோவியத் முறைகளை வட அமெரிக்கா கூர்ந்து கவனிக்கத் தொடங்கியது. இத்தகைய பயணங்கள் 1991 வரை தொடர்ந்தன. இதற்கிடையே 1989இல் சோவியத் ஆட்டக்காரர்கள் அரசின் அனுமதியோடு தேசிய ஹாக்கி லீக் குழுக்களில் சேரும் நாளும் வந்தது. எதிரிகளாகப் பார்க்கப்பட்டவர்கள் ஒரே ஜெர்சி அணிந்தார்கள்.

இன்றைய பயணங்களின் நோக்கம் பெரும்பாலும் சந்தைதான். 2017இல் சீனாவிலும் 2023இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலும் லீக் குழுக்கள் ஆடியது புதிய ரசிகர்களைத் தேடித்தான். அதில் தவறில்லை. ஆனால் விருந்தாளிக் குழு டிக்கெட் பணத்தோடு ஊர் திரும்பிவிடும். இங்கே தங்குவது எது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தோல்வி வலித்தபோது கனடா தன் குறையைத் தேடியது. அடுத்த முறை பெரிய குழு ஒன்று நம் ஊருக்கு வரும்போது, நட்சத்திரத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, அவர்கள் பயிற்சி செய்யும் விதத்தை நம் பிள்ளைகள் பார்ப்பதற்கும் வழி செய்யுங்கள். அப்போதுதான் அது வெறும் காட்சி ஆட்டமாக முடியாது.