சிறையில் பிறந்த காதல் பாட்டு

1955-இல் 'அன்செயின்ட்' என்றொரு ஹாலிவுட் படம் வந்தது. கலிஃபோர்னியாவில் சீனோ என்ற ஊரில் உள்ள, சுற்றுமதில் இல்லாத சிறையைப் பற்றிய கதை. தப்பி ஓடித் தலைமறைவாக வாழ்வதா, தண்டனைக் காலத்தை முடித்துவிட்டுக் குடும்பத்திடம் திரும்புவதா என்று தவிக்கும் கைதிதான் நாயகன். படத்தை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. அதில் ஒரு கைதி பாடும் பாட்டு மட்டும் உலகம் சுற்றப் புறப்பட்டுவிட்டது. அதுதான் 'அன்செயின்ட் மெலடி'.

இசையமைத்தவர் அலெக்ஸ் நார்த். 15 முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் போட்டியில் ஒருமுறைகூட வெல்லாதவர். 1986-இல்தான் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. பாட்டை எழுதியவர் ஹை ஸாரெட். படத்தின் பெயரை வரிகளுக்குள் எங்காவது கொண்டுவரச் சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. அந்தப் பிடிவாதம்தான் பாட்டைக் காப்பாற்றியது. சிறை, விலங்கு என்ற பேச்சே வரிகளில் இல்லை. நெடுநாள் பிரிவும், வீடு திரும்பும் ஏக்கமும் மட்டுமே இருக்கின்றன. பிரிந்திருக்கும் யாரும் தன் பாட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

படத்தில் பாடியவர் டாட் டங்கன். கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' இசை நாடகம் 1935-இல் அரங்கேறியபோது போர்கியாக நடித்த கறுப்பினக் கலைஞர் அவர். அவருடைய கனத்த, நிதானமான குரலில் பாட்டு கிட்டத்தட்ட ஒரு பிரார்த்தனையாக ஒலித்தது.

ஒரு பாட்டு ஒருவருக்கே சொந்தம் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுவாக இல்லை. மெட்டு நன்றாக இருந்தால் ஒவ்வொரு இசைத்தட்டு நிறுவனமும் தன்னிடமிருந்த பாடகரை வைத்து உடனே பதிவு செய்துவிடும். லெஸ் பாக்ஸ்டரின் இசைக்குழுப் பதிவு அந்த ஆண்டே அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. டியூக் எலிங்டன் குழுவில் பாடிவந்த, பார்வையற்ற பாடகர் ஆல் ஹிப்லரின் பதிவு அதைத் தொடர்ந்து முன்னேறியது. ராய் ஹாமில்டனின் பதிவு ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பிரிட்டனில் ஜிம்மி யங் பாடியது உச்சியைத் தொட்டது.

பாட்டின் தலையெழுத்தை மாற்றியது 1965. பில் மெட்லி, பாபி ஹாட்ஃபீல்ட் இருவரும் சேர்ந்த 'ரைட்டியஸ் பிரதர்ஸ்' ஜோடியில் மெட்லிக்கு ஆழமான கீழ்க்குரல். ஹாட்ஃபீல்டுக்கு உச்சம் தொடும் குரல். ஆல்பத்தில் ஆளுக்கொரு தனிப்பாட்டு என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. இந்தப் பாட்டு இருவருக்குமே வேண்டியிருந்ததால் காசு சுண்டிப் பார்த்ததாகவும், ஹாட்ஃபீல்ட் ஜெயித்ததாகவும் மெட்லி பின்னாளில் சொன்னார்.

ஹாட்ஃபீல்ட் அதைப் பாடிய விதத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல மெல்லத்தான் ஆரம்பிக்கிறார். இசை கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கிறது. கடைசிப் பகுதிக்கு வந்ததும் பழைய மெட்டை விட்டுவிட்டுத் தாவி மேலே ஏறுகிறார். குரல் உடைந்துவிடுமோ என்று கேட்பவருக்குப் பதற்றம் வருகிறது. எழுதிய மெட்டில் இல்லாத அந்த ஏற்றம்தான் பிரிவின் வலியை முழுதாக வெளியே கொண்டுவந்தது. இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒப்புக்குச் சேர்த்திருந்த பாட்டு அது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை போனது.

எல்விஸ் பிரெஸ்லிக்கு இந்தப் பாட்டு கடைசிக் காலத் துணை. 1977 ஜூன் 21 அன்று ரேபிட் சிட்டி மேடையில் அவர் தானே பியானோ வாசித்துப் பாடிய காட்சி படமாக்கப்பட்டிருக்கிறது. முகம் உப்பியிருக்கிறது, வியர்வை வழிகிறது. நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்திருக்கிறார். குரலில் மட்டும் தளர்ச்சியே இல்லை. அடுத்த இரண்டு மாதங்களுக்குள், 42 வயதில், அவர் இறந்துபோனார்.

1990-இல் வந்த 'கோஸ்ட்' படத்தில், டெமி மூர் மண்பாண்டம் வனையும் காட்சியில் ஹாட்ஃபீல்டின் பழைய பதிவு ஒலித்தது. கடைகளில் அதைத் தேடி ரசிகர்கள் அலைய, ரைட்டியஸ் பிரதர்ஸ் புதிதாகவும் ஒருமுறை பதிவு செய்து வெளியிட்டார்கள். பழையதும் புதியதும் ஒரே சமயத்தில் அமெரிக்காவின் முதல் இருபதில் இடம்பிடித்தன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய தன் குரலோடு தானே போட்டியிட வேண்டிய நிலை ஹாட்ஃபீல்டுக்கு!

பிரிட்டனில் பழைய பதிவே அந்த ஆண்டு முதலிடம் பிடித்தது. 1995-இல் தொலைக்காட்சி நடிகர்கள் ராப்சன் கிரீன், ஜெரோம் ஃபிளின் பாடிய பதிவு ஏழு வாரம் உச்சியில் இருந்தது. 2002-இல் 'பாப் ஐடல்' போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற கேரத் கேட்ஸும் அதே இடத்தைத் தொட்டார். இப்படி, ஜிம்மி யங்கில் தொடங்கி நான்கு வெவ்வேறு தரப்பினர் ஒரே பாட்டை அங்கே முதலிடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இவர்களில் பிந்தைய இரு தரப்பினரும் டாட் டங்கன் வழியில் பாடவில்லை. ஹாட்ஃபீல்ட் வழியில்தான் பாடினார்கள். அந்தக் கடைசி ஏற்றத்தை எட்டுவதே இந்தப் பாட்டைத் தொடும் பாடகருக்கு இன்று பரீட்சையாகிவிட்டது. அதை இசையமைப்பாளர் எழுதவில்லை, பத்தாண்டு கழித்து வந்த ஒரு பாடகர் சேர்த்தார் என்பது பாடுகிறவர்களில் பலருக்கே தெரிந்திருக்காது.