கடல் நடுவே ஒரு காவல்

சோளகக் காற்றில் கடல் கொந்தளித்து, வள்ளம் வராத நாளில் நெடுந்தீவார் மனம் படும் பாட்டை நாம் அறிவோம். தீவில் வாழ்வோருக்குச் செய்தியே உயிர்.

இந்து சமுத்திரத்தின் நடுவேயுள்ள கொக்கோஸ் தீவுகள் அனைத்தையும் சேர்த்தாலும் 14 சதுர கிலோமீற்றர்தான். நமது நெடுந்தீவில் மூன்றிலொரு பங்கும் இல்லை. ஆயினும் அங்கிருந்த தந்தி நிலையத்தைப் பேரரசுகள் குறிவைத்தன. 1914 செப்டெம்பரில் சென்னையைத் தாக்கிய 'எம்டன்', நவம்பர் 9இல் அந்நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கியது. அதற்குள் கம்பியில்லாத் தந்தியில் எச்சரிக்கை பறந்துவிட்டது. அதைக் கேட்டு விரைந்து வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி', எம்டனை அன்றே முறியடித்தது.

இரண்டாம் உலகப் போரில் அத்தீவுகளைக் காக்க இலங்கைப் பீரங்கிப் படையினர் சென்றனர். 1942 மார்ச்சில் ஜப்பானியக் கப்பலொன்று நிலையத்தின்மீது குண்டு பொழிந்தது. நிலையம் பாழாயிற்று என்று பகைவர் நம்பும்படி ஒரு செய்தியை வெளிப்படையாக விடுத்துவிட்டு, ஊழியர் இரகசியமாகத் தொழிலைத் தொடர்ந்தனர். அன்று பேசிக் காத்த நிலையம், இன்று மௌனத்தால் தன்னைக் காத்துக்கொண்டது!

அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கைச் சிப்பாய்களுள் ஒரு சாரார் அங்கே கலகம் செய்தனர். கலகம் அடக்கப்பட்டது. ஆகஸ்டில் மூவர் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். அப்போரில் கலகக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் அவர்கள் மட்டுமே.

அவர்கள் செய்தது சரியா, பிழையா என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. உலகின் செய்திக்குக் காவல் நின்றவர்களின் செய்தி நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லையே என்பதுதான் நமது கவலை.