பழைய காரும் உதிரிபாகச் சந்தையும்

என்னிடம் 2004-ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 கார் ஒன்று இருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் முடிந்தபோது ஒரு முறையும், அதன் பின் ஐந்தாண்டு கழித்து மறுமுறையும் தகுதிச் சோதனைக்கு உட்படுத்திப் பதிவைப் புதுப்பித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியனின் தேவைக்கு அது போதுமானதாகவே இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு மாலையில் மேம்பாலத்தில் ஏறும்போது இயந்திரம் உறுமியது, வண்டி நகரவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற முயன்ற ஆறு மாதங்களில், நான் முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நடத்திய சந்தைக் கோட்பாடுகளை என் சொந்தச் செலவில் மீண்டும் படிக்க நேர்ந்தது.

முதலில் அந்தப் பொறியைப் பற்றிச் சில சொற்கள். இயந்திரத்தோடு சுழலும் ஃபிளைவீலுக்கும், வில்விசையால் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே உராய்வுப் பூச்சு கொண்ட கிளட்ச் பிளேட் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிடிமானத்தால்தான் இயந்திரத்தின் விசை கியர் பெட்டிக்குச் செல்கிறது. நாம் மிதியை அழுத்தும்போது, கேபிள் இழுக்க, ரிலீஸ் பேரிங் முன்னே நகர்ந்து வில்லை அழுத்திப் பிடியைத் தளர்த்துகிறது. ஆண்டுக்கணக்கில் உராய்ந்து பூச்சு தேயும்போது பிடி நழுவத் தொடங்குகிறது. இயந்திரம் வேகமாகச் சுழலும், சக்கரம் சுழலாது.

ஆனால், நழுவும் கிளட்ச் எல்லாம் தேய்ந்த கிளட்ச் அல்ல. கேபிளில் தளர்ச்சி சிறிதும் இல்லாமல் இறுகியிருந்தாலும் நழுவும். அதைச் சரிசெய்யச் சில நிமிடங்கள் போதும். இயந்திரத்தின் பின்புற ஆயில் சீலில் கசிவு ஏற்பட்டு, பூச்சின் மீது எண்ணெய் படிந்தாலும் நழுவும். அப்போது சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதிய பிளேட்டும் விரைவில் வீணாகும். எனவே, காரணத்தைக் கண்டறியாமல் உதிரிபாகக் கடைக்குச் செல்லக் கூடாது என்பதே முதல் பாடம்.

சென்னையில் உதிரிபாகம் என்றால் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். புதிய பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. சாலை, கழற்றிய பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே அவரது அனுபவத்தைக் காட்டியது: 'எந்த வருஷம் சார்? கார்புரேட்டரா, எம்பிஎஃப்ஐயா? நாலு கியரா, அஞ்சு கியரா?' மாருதி 800 என்பது ஒரே பெயர்தான். ஆனால், 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை உற்பத்தியான அந்த மாடல் பலமுறை மாற்றம் கண்டது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பாகம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சேசிஸ் எண்ணையும், பழைய பாகத்தில் பொறிக்கப்பட்ட பாக எண்ணையும் குறித்துக்கொண்டு செல்வதே பாதுகாப்பானது. கூடுமானால் கழற்றிய பாகத்தையே கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

உற்பத்தி நின்று பத்தாண்டுகளுக்கு மேலாகியும் இந்த காருக்குப் பாகம் கிடைப்பதற்குக் காரணம் அதன் எண்ணிக்கை. இந்தியச் சாலைகளில் இறங்கிய மாருதி 800 கார்கள் 25 லட்சத்துக்கும் அதிகம். வாங்குவோர் இருக்கும் வரை செய்வோரும் இருப்பர். குறைந்த எண்ணிக்கையில் விற்று, சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்ட மாடல்களை வைத்திருப்போருக்கு இந்த வாய்ப்பு இல்லை. கார் வாங்கும்போது மைலேஜைக் கேட்கும் நாம், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு இதற்குப் பாகம் கிடைக்குமா என்று கேட்பதில்லை.

கடையில் ஒரே பாகத்துக்கு நான்கு விலைகள் சொன்னார்கள். கார் நிறுவனத்தின் முத்திரையோடு வருவது ஒன்று. கார் நிறுவனத்துக்கு அதே பாகத்தைச் செய்துதரும் உற்பத்தியாளர் தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. வேறு நிறுவனங்கள் தாமே வடிவமைத்து விற்பது மூன்றாவது. பழைய பிளேட்டில் புதிய பூச்சை ஒட்டிப் புதுப்பித்தது நான்காவது. இந்த நான்குமே சட்டப்படியானவை. தரத்திலும் விலையிலும்தான் வேறுபாடு. இவற்றுக்கு நடுவே, சொல்லாமல் வரும் ஐந்தாவது வகை ஒன்றும் உண்டு. பிரபல நிறுவனத்தின் பெட்டியில் அடைக்கப்பட்ட போலி.

எனக்கு வாய்த்தது அதுதான். பெட்டி அசலைப் போலவே இருந்தது. விலை சற்றுக் குறைவு. 'பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தருகிறோம்' என்றார்கள். பொருளியல் கற்பித்தவன், அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டேன் என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். ஐந்து மாதங்களில் கிளட்ச் மீண்டும் நழுவியது. கழற்றிப் பார்த்தபோது பூச்சு ரிவிட் தலை வரை தேய்ந்திருந்தது. நடுவிலிருந்த சுருள்வில்கள் தளர்ந்து ஆடின. நான் திரும்பிச் சென்றபோது, அந்தக் கடையில் என்னிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று: 'பில் இருக்கா சார்?'

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பழைய கார் சந்தையைப் பற்றியதே. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத்தான் தர முன்வருவார். அந்த விலை நல்ல பொருளை விற்பவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் விலகுவார். சராசரித் தரம் மேலும் தாழும். இறுதியில் மோசமான பொருளே சந்தையில் மிஞ்சும். 2001-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்த இந்தச் சிந்தனை உதிரிபாகச் சந்தைக்கும் அப்படியே பொருந்துகிறது. கிளட்ச் பூச்சின் தரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பில், பாக எண், உற்பத்தி மாதம், அதிகபட்ச விலை ஆகியவை அச்சிடப்பட்ட உறை போன்றவை வெறும் சம்பிரதாயங்கள் அல்ல. தெரியாத தரத்தைத் தெரியச் செய்யும் அடையாளங்கள் அவை. முத்திரையையும் போலியாக அச்சிட முடியும், ஆனால், ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் தருபவர் தன் பெயரையே பிணையாக வைக்கிறார்.

மலிவான பாகம் உண்மையில் மலிவுதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எளிமைக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி ரூ.3,000. நல்ல கிளட்ச் தொகுப்பு ரூ.4,000, அது 60,000 கி.மீ. உழைக்கிறது. போலி ரூ.2,000; அது 15,000 கி.மீ. உழைக்கிறது. கூலியையும் சேர்த்தால், நல்ல பாகத்துக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 12 காசு. போலிக்கு 33 காசு. பாதி விலைக்கு வாங்கியது ஏறத்தாழ மூன்று மடங்கு விலையாகிறது. பாகத்தின் விலையைவிட அதை அடையும் வழி செலவு மிக்கதாக இருக்கும்போது, பாகத்தில் சிக்கனம் பார்ப்பது சிக்கனமாகாது.

இதே தர்க்கம்தான், பிளேட்டை மாற்றும்போது பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றச் சொல்கிறது. ரூ.500 பேரிங்கை இன்று விட்டுவைத்து, பின்னர் அது பழுதானால் கூலியோடு ரூ.3,500 ஆகும். ஏழில் ஒரு பங்குக்கு மேல் பழுதாகும் வாய்ப்பு இருந்தாலே இன்று மாற்றுவதுதான் இலாபம். ஒரு பிளேட்டின் ஆயுள் முழுவதும் உழைத்துவிட்ட பேரிங்குக்கு அந்த வாய்ப்பு அதைவிட அதிகம் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

இரண்டாம் முறை வேலை நடந்தபோது அருகிலேயே நின்று கவனித்தேன். ஃபிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த வெப்பத் திட்டுகளோ ஆழமான கீறல்களோ உள்ளனவா என்று பார்த்தார் மெக்கானிக். ஆயில் சீலை மாற்றினார். பிளேட்டின் துருத்திய பக்கம் கியர் பெட்டியை நோக்கி இருக்குமாறு வைத்து, பழைய ஷாஃப்ட் ஒன்றைச் செருகி நடுமையம் பார்த்தார். போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினார். கிரீஸ் பட்ட கை பூச்சின் மீது படாதவாறு கவனமாக இருந்தார். இறுதியில் கியர் ஆயிலை நிரப்பி, மிதியின் தளர்ச்சியைச் சரிசெய்து, 'சில நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க சார், செட்டாகட்டும்' என்றார். ஒன்றை மட்டும் நான் தடுத்தேன். உள்ளிருந்த தூசியை அவரது உதவியாளர் காற்றழுத்தக் குழாயால் ஊதப் போனார். பழைய கிளட்ச், பிரேக் பூச்சுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும்; அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைப்பதே சரி.

முடிவில் அந்த மெக்கானிக் பாதிக் கூலிதான் வாங்கினார். முதல் பாகத்தை வாங்கியது நான், தவறு அவருடையதன்று. ஆயினும், 'என் கையால் மாட்டியது சார்' என்றார். போலிப் பாகத்தின் செலவு வாங்கியவரோடு முடிவதில்லை. அதில் துளியும் இலாபம் பெறாத ஒரு தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பையும் அது விழுங்குகிறது.

அப்படியானால், கார் நிறுவனத்தின் பாகத்தை மட்டுமே வாங்கினால் போதாதா? அங்கேதான் மறுபக்கச் சிக்கல். காரை வாங்கும் முன் நமக்குப் பல நிறுவனங்கள். வாங்கிய பின் அதன் பாகத்துக்கு ஒரே நிறுவனம் என்றாகிவிட்டால், விலையை அதுவே முடிவு செய்யும். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1992-இல் கோடாக் வழக்கில், இயந்திர விற்பனையில் போட்டி இருப்பதாலேயே அதன் உதிரிபாகச் சந்தையிலும் போட்டி இருப்பதாகக் கொள்ள முடியாது என்று கருதியது. இந்தியப் போட்டி ஆணையம், 2011-இல் அளிக்கப்பட்ட ஒரு தனிமனிதரின் புகாரிலிருந்து தொடங்கிய விசாரணையின் முடிவில், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் ரூ.2,545 கோடி அபராதம் விதித்தது. பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்தியதே குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் சென்றார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனையும் கூடாது என்று ஆணையம் அறிவுறுத்தியது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றாலும், அந்த உத்தரவு எழுப்பிய கேள்வி முக்கியமானது. அசல் பாகம் எளிதாகவும் நியாய விலையிலும் கிடைக்காத இடத்தில்தான் போலி செழிக்கிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுதுநீக்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களும் அதில் அடங்கும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் விளையும் பாதிப்புக்கு உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் பொறுப்பாக்குகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. ஒரே சீராக 18 சதவீதமாகியுள்ளது. முன்பு பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பில் இல்லாமல் விற்பதில் கிடைத்த ஆதாயம் இதனால் குறைந்திருக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள்.

இன்னும் செய்ய வேண்டியவை உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், சலவை இயந்திரங்களின் முக்கிய உதிரிபாகங்கள் 10 ஆண்டுகளுக்கும், குளிர்பதனப் பெட்டிகளின் பாகங்கள் குறைந்தது 7 ஆண்டுகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பது விதி. மாடல் நிறுத்தப்பட்ட பின் எத்தனை ஆண்டுகளுக்குப் பாகம் கிடைக்கும் என்பதை, காரை விற்கும்போதே எழுத்தில் அறிவிக்குமாறு இங்கும் கார் நிறுவனங்களைப் பணிக்கலாம். 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கையின் கீழ் உடைக்கப்படும் வண்டிகளிலிருந்து, கதவு, விளக்கு, கண்ணாடி போன்ற நல்ல பாகங்களைத் தரம் பிரித்து, சான்றோடு விற்க வழி காணலாம். கிளட்ச், பிரேக் போன்று தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத பாகங்களைப் பழையதாக வாங்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதனோடு சேர வேண்டும்.

எல்லாப் பழைய வாகனங்களையும் காப்பாற்ற வேண்டும் என்பது என் வாதமன்று. புகை கக்கும் வண்டி சாலையைவிட்டு அகலத்தான் வேண்டும். ஆனால், அதைத் தகுதிச் சோதனை முடிவு செய்யட்டும். ஒரு தட்டு கிடைக்காததும் ஒரு போலிப் பெட்டியும் முடிவு செய்யக் கூடாது.

என் கார் இப்போது மேம்பாலத்தில் தடையின்றி ஏறுகிறது. இம்முறை வாங்கிய பாகத்தின் பில் ஆர்.சி. புத்தகத்தோடு பத்திரமாக இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).