சுவீடனில் பயிலச் செல்லும் பரிமாற்ற மாணவி

அயல்நாட்டுக் கல்வி என்றதும் பெற்றோர் மனத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் செலவையும் குளிரையும் பற்றியே இருக்கும். சுவீடன் நாட்டைப் பொறுத்தவரை குளிர் அவ்வளவு பெரிய தொல்லையன்று. நல்ல கம்பளி மேலங்கியும் நீர் புகாத காலணியும் இருந்தால் சமாளித்துவிடலாம். வீடுகளும் வகுப்பறைகளும் எப்போதும் இதமான வெப்பத்துடனேயே இருக்கும். நம் பெண்களை அங்கு உண்மையில் வாட்டக்கூடியது அந்நாட்டாரின் மௌனம். அதை வெறுப்பென்று எண்ணி, அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து, கிடைத்தற்கரிய ஓராண்டை வீணே கழித்துவிட இடமுண்டு. ஆகவே அதைப் பற்றியே இங்குச் சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

பரிமாற்ற மாணவி என்பவள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ரோட்டரி சங்கம், ஏ.எஃப்.எஸ். போன்ற அமைப்புகளின் வழியே பள்ளிப் பருவத்திலேயே சென்று, ஒரு குடும்பத்தில் வீட்டுப் பிள்ளைபோல் தங்கிப் படிப்பது ஒருவகை. கல்லூரியில் சேர்ந்தபின், தன் கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடையேயுள்ள உடன்படிக்கையின்படி ஓரிரு பருவங்கள் பயின்று திரும்புவது மற்றொரு வகை. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2011ஆம் ஆண்டு முதல் சுவீடனில் கல்விக் கட்டணம் உண்டு. உடன்படிக்கையின்படி செல்பவள் அதை அங்கே கட்ட வேண்டியதில்லை. உணவும் உறைவிடமும் அவள் பொறுப்பு. ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குவோருக்கு அந்நாட்டின் மக்கள் பதிவு எண் கிடைப்பதில்லை என்பதால் வங்கிக் கணக்குத் தொடங்குவது போன்ற காரியங்கள் இழுபறியாகும். பல கடைகளில் ரொக்கமும் வாங்கமாட்டார்கள். பெற்றோர் இவற்றை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நலம்.

நம் பள்ளியில் ஆசிரியை வகுப்பினுள் நுழைந்ததும் நாம் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறோம். சுவீடனில் யாரும் எழுவதில்லை. அதைவிட அதிர்ச்சி தருவது, ஆசிரியையை மாணவியர் பெயர் சொல்லி அழைப்பது! பேராசிரியர் முதல் கடைச் சிப்பந்தி வரை எல்லாரையும் ‘டூ’ என்ற ஒரே சொல்லால்தான் விளிக்கின்றனர். அது நம் ஒருமைச் சொல்லுக்கு நிகரானது. முற்காலத்தில் அங்கும் பட்டத்தையும் பதவியையும் சொல்லியே பெரியவர்களிடம் பேச வேண்டியிருந்தது. 1967ஆம் ஆண்டில் நாட்டின் மருத்துவத் துறைத் தலைமைப் பொறுப்பேற்ற புரூர் ரெக்ஸட் என்பவர், தம் அலுவலர் அனைவரையும் ‘டூ’ என்றே விளிக்கப் போவதாகவும் அவர்களும் தம்மை அவ்வாறே விளிக்கலாம் என்றும் அறிவித்தார். ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த அவ்வழக்கம் அதன்பின் நாடெங்கும் வேரூன்றியது. (வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் பன்மைச் சொல்லின் ஒலிதான் ‘நீ’!) இதனால் ஆசிரியர்மீது மதிப்புக் குறைந்துவிட்டது என்று நம் அருட்சகோதரியர் கவலைப்பட வேண்டாம். குறித்த நேரத்தில் வருவது, சொன்ன நாளில் கட்டுரையைக் கொடுப்பது, பிறர் பேசும்போது குறுக்கிடாமலிருப்பது ஆகியவையே அங்கு மரியாதைக்கு அடையாளங்கள். பழைய பல்கலைக்கழகங்களில் பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும் என்பது மட்டும் ஒரு செல்ல விதிவிலக்கு; இதைக் ‘கல்விக் கால்மணி’ என்கிறார்கள்.

இனி மௌனத்துக்கு வருவோம். நம் ஊர்ப் பேருந்தில் பக்கத்தில் உட்காரும் பாட்டி, “எந்த ஊரம்மா? அப்பா என்ன செய்கிறார்? கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். சுவீடனில் இரண்டு இருக்கை கொண்ட பெஞ்சில் ஒருவர் அமர்ந்திருந்தால், வேறு இடமிருக்கும் வரை மற்றவர் அதன் பக்கம் போவதில்லை. அடுத்த அறையில் தங்கியிருப்பவள்கூட ‘ஹேய்’ என்ற ஒரு சொல்லோடு கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருவரை அவர் விரும்பாமல் நெருங்குவது அவருக்குத் தொந்தரவு கொடுப்பதாகும் என்பது அவர்களது எண்ணம். தனித்திருக்க விடுவதையே அவர்கள் மரியாதையாகக் கருதுகிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் நம் மாணவியர் அறிய வேண்டும். வகுப்பில் வாய் திறவாமல் கேட்பதை நாம் பணிவு என்று கற்றிருக்கிறோம். அங்கோ குழுவாக அமர்ந்து விவாதிப்பதே பாடத்தின் பாதி. “எனக்கு இது விளங்கவில்லை” என்றும், “நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை” என்றும் சொல்லலாம். ஒன்றும் சொல்லாதவளைப் பார்த்து, இவள் படித்து வரவில்லை போலும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். எனவே அவர்கள் மௌனத்தை நாமும் நம் மௌனத்தை அவர்களும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். இதில் முதலடி எடுத்து வைக்க வேண்டியவள் விருந்தாளியாகச் சென்ற பெண்ணே என்பது நம் கருத்து. சற்று அநியாயம்தான், ஆயினும் அவள் காத்திருந்தால் பருவமே முடிந்துவிடும்.

முதலடிக்கு எளிய வழி ‘ஃபீகா’. காப்பியும் ஏலக்காய் மணக்கும் பட்டை ரொட்டியும் வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்து பேசுவதற்கு அப்பெயர். “ஃபீகாவுக்கு வருகிறாயா?” என்று கேட்டால், முகம் கொடுத்துப் பேசாதவள்கூட மகிழ்ந்து வருவாள். மற்றொரு வழி சங்கங்கள். பாட்டுக்குழு, விளையாட்டு, மலையேற்றம் என எல்லாவற்றுக்கும் சங்கமுண்டு. 1477இல் நிறுவப்பட்ட உப்சாலா பல்கலைக்கழகத்திலும் 1666இல் எழுந்த லுண்டிலும் ‘நேஷன்’ எனப்படும் மாணவர் மன்றங்கள் பல நூற்றாண்டுகளாக இயங்குகின்றன. அங்கே சமையலறையில் ஒருநாள் பாத்திரம் தேய்க்க நின்றால் போதும், நான்கு தோழியர் கிடைப்பர். சேர்ந்து வேலை செய்யும்போது அவர்களுடைய நாவும் அவிழ்ந்துவிடுகிறது.

ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டால் வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். இதில் நம் பெண்களுக்குப் பாடம் தேவையில்லை. உண்டு முடித்ததும் உணவுக்கு நன்றி சொல்வதும், பிறிதொரு நாள் சந்திக்கையில் சென்ற முறைக்காக மறுபடியும் நன்றி சொல்வதும் வழக்கம்.

டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரமே. பிற்பகல் மூன்று மணிக்குள் கதிரவன் மறைந்துவிடுவான். வீட்டு நினைவு மிகுதியாக வாட்டும் காலம் அதுவே. பகலில் வெளிச்சமுள்ளபோதே வெளியே நடந்து வருவதைக் கடமையாகக் கொள்ள வேண்டும். அவ்விருளின் நடுவேதான், டிசம்பர் 13இல், நம் திருச்சபையின் கன்னியும் மறைசாட்சியுமான புனித லூசியாவின் திருநாள் வருகிறது. விடியுமுன் ஒரு பெண் வெண்ணாடை அணிந்து, இரத்தசாட்சியத்தைக் குறிக்கும் செந்நிறக் கச்சை கட்டி, தலையில் எரியும் மெழுகுதிரி முடியுடன் பாடிக்கொண்டு வருவாள், தோழியர் பின்தொடர்வர். குங்குமப்பூ சேர்த்த ரொட்டி எல்லாருக்கும் கிடைக்கும். பதினாறாம் நூற்றாண்டிலேயே உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்து லூத்தரன் சபையைத் தழுவிய நாடு, சிசிலித் தீவின் புனிதை ஒருவரை இவ்வாறு போற்றுவது வியப்பே. பள்ளிகளின் லூசியா ஊர்வலத்துக்குப் பாடகியர் தேவைப்படுவர். நம் பாடற்குழுவில் பயின்றவள் தயங்காமல் பெயர் கொடுக்கலாம்.

ஞாயிறு திருப்பலியைப் பற்றிக் கேட்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. நாடு முழுவதற்கும் ஸ்டாக்ஹோம் என்ற ஒரே கத்தோலிக்க மறைமாவட்டம்தான். மக்கள்தொகையில் கத்தோலிக்கர் மிகச் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். அதன் ஆயராக 1998இல் திருநிலைப்படுத்தப்பட்ட ஆண்டர்ஸ் அர்போரேலியுஸ், 2017இல் கர்தினால் ஆனார். ஊருக்கு ஊர் கோவில் இராது. புறப்படுமுன் எந்த நகரில் பங்கு உண்டு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உப்சாலாவில் இயேசு சபையினர் நடத்தும் புனித லாரன்ஸ் பங்கு உள்ளது. திருப்பலி முடிந்ததும் பங்கு மண்டபத்தில் காப்பி கொடுப்பது அங்குப் பரவலான வழக்கம். அங்கே போலந்து நாட்டுப் பாட்டியோ ஈராக்கிலிருந்து வந்த தாயோ பக்கத்தில் வந்தமர்ந்து, எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார் என்று நிச்சயம் கேட்பார்கள்.